திருகோணமலையில் நூதனசாலைச் சுற்றுலா: தப்பிப் பிழைத்தவர்களின் நினைவோடு வரலாறு படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இடமில்லை என்று எந்த வரலாற்று ஆசிரியரும் சொல்ல முடியாது. பிரட்றிக் கோட்டை இருக்கிறது. டச்சுக் காலத்துக் கட்டடம் ஒன்றில் கடல்சார் வரலாற்று நூதனசாலை இருக்கிறது. கடற்படைத் தளத்துக்குள்ளே ஹூட்ஸ் டவரில் பழைய பீரங்கிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள், கொப்பியில் ஆண்டுகளை எழுதுவார்கள், கோட்டையில் மேயும் மான்களுக்குப் பின்னால் ஓடுவார்கள், பின்னேரம் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

இப்படிப் பல தடவை போய் வந்தவள் நான். ஒருமுறை திரும்பி வரும் பஸ்ஸில் தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், கப்பல்களைப் பற்றி எல்லாம் இருக்கு. எங்கட அம்மம்மா சுனாமியில ஓடினது எங்க இருக்கு?” அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சுற்றுலாவை வேறு விதமாக ஒழுங்கு செய்யத் தொடங்கினேன். காலையில் ஓர் இடம், மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மனிதர், அடுத்த வாரங்களில் வகுப்பறையில் நாங்களே வைக்கும் சிறு நூதனசாலை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு முழுச் சுற்றுலா. தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சின்ன வகுப்புகளுக்கு இது வேண்டாம்.

எந்த நினைவோடு தொடங்குவது

எங்கள் மாவட்டத்தில் நினைவுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. துறைமுகத்திலிருந்து வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் விமானம் ஒன்று மோதி எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்து உருகியது. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் கதை இது. ஆனால் அன்று பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். கிடைப்பது பெரும்பாலும் “எங்கட அப்பு சொல்லுவார்” என்ற இரண்டாம் கை நினைவுதான். அதையும் எடுக்கலாம், ஆனால் அது இரண்டாம் கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

உள்நாட்டு யுத்தத்தை முதல் ஆண்டிலேயே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மறைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதைச் சொல்பவருக்குக் கேட்பவர் மேல் நம்பிக்கை வேண்டும். பாடசாலைக்கு அந்த நம்பிக்கை ஒரே நாளில் வராது. இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகக் கேட்டுப் பழகிய பாடசாலையிடம் மக்கள் தாமாகவே பேசுவார்கள்.

நான் எப்போதும் 2004 டிசம்பர் 26 இலிருந்துதான் தொடங்குவேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி, நகரக் கரையோரம் என்று தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாருடைய வீட்டுக்குள்ளும் அந்தத் தண்ணீர் போனது. இலங்கை முழுவதும் ஏறத்தாழ 35,000 பேர் இறந்தார்கள். அன்று பதினைந்து இருபது வயதாக இருந்தவர்கள்தான் இப்போது எங்கள் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். பிள்ளைகள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். சொல்பவர் வீட்டிலேயே இருக்கிறார், கேட்பவர் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலூ என்ற தீவு இருக்கிறது. 1907 இல் அங்கே பேரலை வந்து பலர் இறந்தார்கள். தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, நிலம் நடுங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004 இல் நில நடுக்கத்தின் மையத்துக்கு மிகக் கிட்ட இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு அதிபரின் அறைக்குப் போகும்போது இந்த ஒரு தகவலை மட்டும் கொண்டுபோங்கள். என்ன பயன் என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

சொல்பவரைத் தேடுதல்

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய வேலை இதுதான். இரண்டு மாதங்களாவது ஒதுக்குங்கள்.

அதிகம் இழந்தவரைத் தேடிப் போகாதீர்கள். ஆசிரியர்கள் பலர் செய்யும் பிழை இது, நானும் செய்தேன். ஒரு வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்குப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது அவரைக் காட்சிப் பொருளாக்குவது. பேசத் தனக்கே விருப்பம் உள்ளவர், பேசி முடித்த பிறகு தன் அன்றாட வேலைக்குத் திரும்பக்கூடியவர், இந்த இரண்டும் போதும். கரைவலை இழுத்தவர், ஆஸ்பத்திரியில் அன்று வேலையில் நின்ற சிற்றூழியர், பள்ளிவாசலில் சோறு சமைத்தவர், முகாமில் பெயர் பதிந்தவர் என்று தேடுங்கள். காப்பாற்றியவரின் நினைவும் தப்பியவரின் நினைவுதான். பிள்ளைகளுக்கு அது கூடுதலாகப் பிடிபடும்.

குறைந்தது மூன்று தடவை வீட்டுக்குப் போங்கள். முதல் தடவை எதுவும் கேட்க வேண்டாம். தேத்தண்ணி குடித்து, யார் எவர் என்று அறிமுகமாகி, என்ன செய்ய நினைக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அவகாசம் கிடைக்கும். இரண்டாம் தடவை அவர் சொல்வதைத் தனியாக, முழுதாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக ஒன்று வரக்கூடாது. எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறது, எந்தப் பெயரைச் சொல்லாமல் விடுகிறார் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “பிள்ளைகள் உங்களிடம் எதைக் கேட்கக்கூடாது?” அவர் சொல்வதை எழுதி, வாசித்துக் காட்டுங்கள். எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம், வருகிற அன்று காலையில் கூட வரவில்லை என்று சொல்லலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் அதற்குத் தனியாகச் சம்மதம் வேண்டும். பேசச் சம்மதித்தவர் பதியச் சம்மதித்தவர் ஆகமாட்டார். படம் எடுப்பதும் அப்படியே.

காசு பற்றிப் பேசப் பலர் கூச்சப்படுகிறார்கள். கதைக்குக் கூலி கொடுப்பதா என்று கேட்பார்கள். கடலுக்குப் போகிறவர் ஒருநாள் வள்ளத்தை நிறுத்தி வந்தால் அந்த நாள் உழைப்பு அவருக்கு நட்டம். அதை ஒரு கடித உறையில் வைத்து, வீட்டில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கொடுங்கள். ஓட்டோச் செலவையும் சேர்த்தே கொடுங்கள்.

நாளையும் அவரிடமே கேளுங்கள். டிசம்பர் 26 அன்றே வைக்க வேண்டாம். அது வீட்டாரின் நாள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூரணை நாளாகவும் இருந்தது. திதி பார்த்துத் திவசம் செய்யும் வீடுகளில் மார்கழிப் பூரணையை ஒட்டி வேறு திகதியில் வரும். கத்தம் ஓதும் வீடுகளுக்கு வேறு கணக்கு இருக்கும். பெப்ரவரி அல்லது மார்ச், வெயில் ஏறாத ஒரு நாள், எல்லாருக்கும் வசதி.

அனுமதி, பஸ், மற்றவை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிபரின் கடிதம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து மூன்றும் வேண்டும். ஹூட்ஸ் டவர் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு போக வேண்டும். கடைசி வாரத்தில் ஓடித்திரிய வேண்டாம். ஒரு தடவைக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள். பஸ்ஸில் 50 இருக்கை இருக்கிறது என்பது ஒரு காரணமாகாது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய கூட்டம் அவ்வளவுதான்.

பிள்ளைகளைத் தயார் செய்தல்

முதலில் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் இழப்பு இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லும்படி கேளுங்கள். வகுப்பில் “யாருடைய வீட்டில் யார் செத்தது, கை உயர்த்துங்கோ” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறக்கும் முன்பே போன அக்காவின் படத்துக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வர விருப்பமில்லாத பிள்ளைக்கு அன்று வேறு வேலை இருக்கட்டும். காரணம் கேட்க வேண்டாம். ஆலோசனை ஆசிரியர் இருந்தால் அவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டு பாடவேளைகள் வேண்டும். முதலாவதில் மாவட்ட வரைபடத்தை விரித்து, கரை எங்கே, குடா எங்கே, தரை எங்கே தாழ்வு என்று பார்ப்போம். பிள்ளைகள் தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் காட்டும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இரண்டாவது பாடவேளை கேள்விக்கு உரியது. முதல் ஆண்டு இதை நான் செய்யவில்லை. அன்று ஒரு பையன் எழும்பி, “எத்தனை சவத்தைக் கண்டீங்கள்?” என்று கேட்டான். கெட்ட பிள்ளை இல்லை. எண்களைத்தான் வரலாறு என்று நாங்கள் அவனுக்குப் படிப்பித்திருந்தோம். பேசிக்கொண்டிருந்த ஐயா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “எண்ணேல்லை தம்பி” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பிழை என்னுடையது.

இப்போது பிள்ளைகள் கேள்விகளைத் தாங்களே எழுதுவார்கள், நாங்கள் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்போம். ‘எப்படி இருந்தது’, ‘எவ்வளவு பயந்தீங்கள்’ என்பவை நல்ல கேள்விகளாகத் தெரியும், ஆனால் அவற்றுக்குப் பதில் வராது. அன்று காலையில் என்ன சமைத்தீர்கள்? என்ன சத்தம் கேட்டது? கையில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்? முதலில் யார் கதவைத் திறந்தார்கள்? முதல் இரவு எங்கே படுத்தீர்கள்? திரும்பிக் கடலுக்குப் போன முதல் நாள் எப்போது? சின்னக் கேள்விக்குள்ளே பெரிய பதில் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும் என்றில்லை.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் பழக்குங்கள். கிண்ணியாப் பக்கம் காக்கா, ராத்தா, உம்மா. திருக்கடலூர்ப் பக்கம் அண்ணை, அக்கா, ஆச்சி. சொல்பவர் சிங்களவராக இருந்தால் மொழிபெயர்க்க ஒருவரை முன்பே சந்திக்க வைத்து, அவரும் கதையை ஒரு தடவை கேட்டிருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். சுனாமிக் கதை சுனாமியோடு நிற்காது. 1990 இல் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து கட்டிய வீட்டைத்தான் பலருக்கு 2004 இல் கடல் கொண்டுபோனது. 2006 இல் மூதூரிலும் சம்பூரிலும் இருந்தவர்கள் மறுபடியும் ஓடினார்கள். பேசுபவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவார். இடைமறித்து, “அது வேண்டாம், சுனாமியைச் சொல்லுங்கோ” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் வாழ்க்கையில் அவை தனித்தனிப் பாடங்கள் அல்ல.

அன்றைய நாள்

ஏழரைக்குப் பாடசாலையில் புறப்பட்டால் வெயிலுக்கு முன் கோட்டைக்குள் இருக்கலாம். மான்களைப் பார்க்கப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையும் எதையும் கேட்காது. பிறகு வாசற் கல்லுக்கு வாருங்கள். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்கு எடுத்தார்கள். வாசல் தூணில் பழைய தமிழ் எழுத்தும் இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னமும் இன்றும் இருக்கின்றன. இடிக்கப்பட்ட ஒன்றின் நினைவு இடித்தவர்களின் சுவரிலேயே தங்கியிருப்பதைப் பிள்ளைகள் கையால் காட்டிக் கண்டுகொள்ளட்டும். தொட வேண்டாம்.

நூதனசாலையில் 45 நிமிடம் போதும். கொப்பியை நிரப்பும் வேலை கொடுக்காதீர்கள். நான் கொடுப்பது ஒரே வேலை: இந்த அறையில் பெயர் இல்லாதவர் யார் என்று கண்டுபிடியுங்கள். தளபதிக்குப் பெயர் இருக்கிறது, கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. பீரங்கியை மேட்டுக்கு இழுத்தவர் யார்? கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோன தோணிக்காரர் யார்? அவருடைய வீடு எங்கே இருந்தது? இந்தத் தேடல்தான் பின்னேரம் சந்திக்கப் போகும் மனிதரிடம் பிள்ளைகளைக் கொண்டுபோகும்.

சாப்பாட்டைக் கதைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு என்று வைத்தால் பார்சல்கள் அப்படியே திரும்பி வரும்.

நாங்கள் பெரும்பாலும் கிண்ணியாவுக்குப் போவோம். வழியில் சீனன்குடாவைக் கடக்கும்போது 1942 பற்றி இரண்டு நிமிடம் சொல்லலாம். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாரையும் வெளியே பார்க்கச் சொல்வேன். 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் திறக்கப்பட்டது 2009 இல். 2004 இல் இது இல்லை, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். கரையில் இருந்த கிண்ணியா ஆஸ்பத்திரியையே அலை அடித்துவிட்டது. காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பாலம் முடியும் வரை பேசாமல் இருப்பேன்.

சந்திக்கும் இடத்தை அவரே சொல்லட்டும். கடற்கரையில் வைத்தால் உருக்கமாக இருக்கும் என்று நாங்கள் முடிவு செய்யக்கூடாது. பெரும்பாலும் பாடசாலை மண்டபத்தின் ஒரு மூலையோ வீட்டு முற்றத்து மர நிழலோதான் கிடைக்கும். அரை வட்டமாக உட்காருங்கள். அவருக்கு நல்ல கதிரை, பக்கத்தில் தண்ணீர், அவருக்குத் தெரிந்த வீட்டார் ஒருவர். மேடையும் ஒலிவாங்கியும் மாலையும் வேண்டாம். போன்கள் பஸ்ஸில் இருக்கட்டும், ஆசிரியர்களுடையவையும்தான்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். முதல் இருபது நிமிடம் அவர் பேசட்டும், பிறகு கேள்விகள். அவர் நிறுத்தினால் நாங்களும் காத்திருப்போம். அந்த அமைதியைச் சொல் போட்டு நிரப்ப வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். கண்கலங்கினால் பதற வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் வீட்டார் பார்த்துக்கொள்வார். தொடரலாமா, போதுமா என்று ஒரே ஒரு தடவை மெதுவாகக் கேளுங்கள். போதும் என்றால் போதும். அழும் பிள்ளையை ஆலோசனை ஆசிரியர் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் இருக்கட்டும், ‘அழாதே’ என்று சொல்லாமல்.

முடிந்ததும் உடனே பஸ்ஸில் ஏற்றாதீர்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி, வடை. அவரும் பிள்ளைகளோடு இருந்து குடிக்கட்டும். கிரிக்கெட்டும் மீன் விலையும் பற்றிப் பேச்சு வரும், சிரிப்பும் வரும். அவரை அந்த ஒரு நாளோடு மட்டும் சேர்த்துப் பார்க்காமல் இருக்கப் பிள்ளைகளுக்கு இந்த அரை மணித்தியாலம் வேண்டும். மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போய் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். போனில் கேட்பது காணாது.

நினைவும் பதிவும் முரண்படும்போது

இரண்டு நாள் கழித்து வகுப்பில் பேசும்போது ஒரு பிள்ளையாவது கேட்கும்: “அவர் சொன்ன நேரம் பிழை, டீச்சர்.” இந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள்.

சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58 க்கு. ஆனால் அன்றைய இலங்கை நேரம் இன்றையது அல்ல. 2006 ஏப்ரலில்தான் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்தள்ளினார்கள். இன்றைய நேரத்துக்கு மாற்றினால் அது 6.28. அதற்கு மேல், அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரத்தையே, அதாவது இன்று நாங்கள் வைத்திருக்கும் நேரத்தையே, வைத்திருந்தார்கள். மூதூர் கிழக்கில் இருந்தவர் சொல்லும் மணியும் நகரத்தில் இருந்தவர் சொல்லும் மணியும் அரை மணித்தியாலம் வேறுபட்டால் இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் இதைக் கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அலையும் அப்படித்தான். கடல் முதலில் உள்ளே போனது என்பார் ஒருவர், இல்லை, ஏறித்தான் வந்தது என்பார் இன்னொருவர். கடலடியில் நிலம் பிளந்த இடத்துக்கு மேற்கே இருந்த இலங்கைக்கு நீர் முதலில் உயர்ந்து வந்தது, கிழக்கே தாய்லாந்துப் பக்கம் முதலில் உள்வாங்கியது. இங்கும் அலைகளுக்கு இடையில் கடல் உள்வாங்கியது. களுத்துறைக் கரையில் அப்படி உள்வாங்கியதைக் காட்டும் செய்மதிப் படம் இருக்கிறது. சிலர் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த தாய்லாந்துக் காட்சியும் அவர்களுடைய நினைவில் கலந்திருக்கலாம். இதைப் பொய் என்று சொல்ல விடாதீர்கள். பேசியவரிடம் போய்த் திருத்தவும் விடாதீர்கள். “பனை உயரம்” என்று அவர் சொன்னால், அளந்த உயரத்தை ஒரு பக்கத்திலும் அவர் சொன்னதை மறுபக்கத்திலும் எழுதுவோம். ஒன்று தண்ணீரின் அளவு, மற்றது அதன் கீழே நின்றவர் கண்ட அளவு. இரண்டும் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு நூதனசாலை

கடைசி வேலை இது, ஒரு மேசை போதும். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவருவார்கள், அல்லது அதைப் படமாக வரைந்து வருவார்கள். நனைந்து ஒட்டிப்போன கல்யாணப் படம், முகாமில் கொடுத்த அலுமினியச் சட்டி, நிவாரண அட்டை, வலையின் ஒரு துண்டு. விலையுள்ளதையும் ஒரே ஒரு படமாக இருப்பதையும் வாங்கி வைக்காதீர்கள். வாங்கியதைப் பதிந்து, திகதி குறித்து, ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள்.

ஹிரோஷிமா சமாதான நினைவு நூதனசாலை 1955 இல் திறக்கப்பட்டது. அங்கே பார்வையாளர்களை நிறுத்திவைப்பவற்றில் ஒன்று மூன்று வயதுப் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள். குண்டு விழுந்த நேரத்தில் பிள்ளை அதில் விளையாடிக்கொண்டிருந்தது. எந்தப் புள்ளிவிவரமும் தேவைப்படாத பொருள் அது. எங்கள் மேசையிலும் பொருளுக்குக் கீழே நீண்ட விளக்கம் எழுத வேண்டாம். கொடுத்தவர் சொன்ன இரண்டு வசனம், அவர் பேசிய பேச்சிலேயே, போதும்.

அந்த நகரத்திடமிருந்து இன்னொன்றும் எடுக்கலாம். தப்பியவர்கள் வயதாகிப் போவதைப் பார்த்து, 2012 முதல் ஹிரோஷிமா மாநகரம் அவர்களிடம் கேட்டுப் பழகி அவர்களுக்காகச் சொல்லும் ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறது. எங்கள் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகள் இருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருவரின் கதையை அவருடைய சம்மதத்தோடு நன்றாகக் கேட்டு, அடுத்த ஆண்டு தரம் 9 க்குச் சொல்கிறார்கள். ‘நான்’ என்று சொல்வதில்லை, ‘அவர்’ என்றுதான் சொல்வார்கள். முதலில் அவருக்கு முன்னால் சொல்லிக்காட்டுவார்கள். அவர் திருத்துவார்.

எழுதியவற்றைச் சேர்த்துச் சிறு புத்தகமாகக் கட்டினால் முதல் பிரதி பேசியவருக்கு. பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அச்சுக்குப் போகும் முன் மறுபடியும் கேளுங்கள். முதலில் சரி என்றவர் பிறகு வேண்டாம் என்பதுண்டு. தபாலில் அனுப்பாதீர்கள். அன்று கேள்வி கேட்ட பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். வாசிக்க முடியாதவராக இருந்தால் ஒரு பிள்ளை முற்றத்தில் இருந்து அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அவர் அடிக்கச் சொன்ன வரியை அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு, அடுத்த பிரதியிலும் அதை மாற்றிவிடுங்கள்.